பட்டன் ஹேண்ட்பிரேக் உள்ள காரில் பின் பிரேக் பேட் மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கையால் இழுக்கும் ஹேண்ட்பிரேக் இருந்த காலத்தில் பிரேக் பேடை வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொண்டவர்கள் பினாங்கில் நிறைய பேர். புரோட்டான் எக்ஸ்70, எக்ஸ்50, ஹோண்டா சிவிக், எச்ஆர்-வி, மாஸ்டா சிஎக்ஸ்-5 என்று பட்டன் ஹேண்ட்பிரேக் வண்டிகள் வந்த பிறகு அதே ஆட்கள் பின் சக்கரத்தைத் தொடத் தயங்குகிறார்கள். தயக்கம் நியாயமானதுதான். ஆனால் வேலையில் முக்கால்வாசி பழைய வேலையேதான். புதிதாக வந்தது பிஸ்டனுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நட்டும், அதை ஓட்டும் ஒரு மோட்டாரும் மட்டுமே. அவை என்ன செய்கின்றன என்று புரிந்துகொண்டால் எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்பது தானாகத் தெரியும். புரியாமல் சி-கிளாம்ப்பை (திருகி அமுக்கும் கருவி) எடுத்து பிஸ்டனை அமுக்கினால், பேட் விலையைப் போல் பல மடங்கு கொடுத்து கெலிப்பர் (பிஸ்டனையும் பேடையும் தாங்கி டிஸ்கைக் கவ்வும் பகுதி) வாங்க நேரிடும்.

உள்ளே என்ன நடக்கிறது

கால் பிரேக்கை மிதிக்கும்போது பிரேக் எண்ணெயின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேடைத் தள்ளுகிறது. பட்டனை இழுக்கும்போது எண்ணெய்க்கு வேலை இல்லை. கெலிப்பரின் முதுகில் இருக்கும் சின்ன மோட்டார், பல்சக்கரங்கள் வழியாக ஒரு திருகுத் தண்டைச் சுற்றுகிறது. தண்டில் ஏறியிருக்கும் நட்டு முன்னே நகர்ந்து, பிஸ்டனின் உட்பக்கத்தில் முட்டி, பேடைச் சக்கரத்தோடு சுழலும் டிஸ்கோடு இறுக்குகிறது. போதுமான அளவு இறுகிவிட்டதா என்பதை மோட்டார் இழுக்கும் கரண்டை வைத்து வண்டியின் கணினி கணிக்கிறது.

கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த விஷயம். பட்டனை அமுக்கி ஹேண்ட்பிரேக்கை விடுவித்தால் நட்டு முழுதாகப் பின்னால் போய்விடாது. பேட் டிஸ்கை விட்டு விலகும் அளவுக்கு, கொஞ்சம்தான் போகும். பேட் தேயத் தேய நட்டு நிற்கும் இடமும் முன்னே வந்துகொண்டே இருக்கும். ஆகவே தேய்ந்த பேட் உள்ள வண்டியில் ஹேண்ட்பிரேக் விடுவிக்கப்பட்டிருந்தாலும் நட்டு பிஸ்டனுக்குச் சற்று பின்னால்தான் நிற்கிறது. கதவுக்குப் பின்னால் கட்டை முட்டுக் கொடுத்திருக்கும்போது கதவை எவ்வளவு தள்ளினாலும் திறக்காது அல்லவா, அதே கதைதான். பலம் போட்டுத் தள்ளினால் தண்டோ பல்சக்கரமோ உடையும்.

அதற்காகத்தான் 'சர்வீஸ் மோட்' இருக்கிறது. சில வண்டிகளில் மெயின்டெனன்ஸ் மோட் என்பார்கள். அதில் போட்டால் மோட்டார் நட்டைக் கடைசி வரை பின்னால் இழுத்துவிடும். அப்புறம் பிஸ்டன் சாதாரண கெலிப்பரைப் போல நேராக உள்ளே போகும். பழைய கேபிள் ஹேண்ட்பிரேக் கெலிப்பர்களில் பிஸ்டனைத் திருகிக்கொண்டே அமுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் திருகும் கருவியை மாட்ட வேண்டாம். மோட்டார் கெலிப்பரில் பிஸ்டனைத் திருகாமல் நேராகத்தான் தள்ள வேண்டும்.

உங்கள் வண்டி இந்த வகைதானா என்று முதலில் பாருங்கள். பின் சக்கரத்துக்கு உள்பக்கம் டார்ச் அடித்தால், கெலிப்பரின் பின்புறம் ஒயர் போகும் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி தெரியும். அதுதான் மோட்டார். பெட்டி இல்லாமல் கேபிள் வந்து மாட்டியிருந்தால், வண்டிக்கு அடியில் ஒரே மோட்டார் இரண்டு கேபிளையும் இழுக்கும் வகை. அதற்கு வழிமுறை வேறு. இந்தக் கட்டுரை மோட்டார் கெலிப்பருக்கு மட்டும்.

பேட் உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா

புது வண்டிகளில் முன் பேடை விடப் பின் பேட் முதலில் தீர்ந்துபோவதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். பின் பேட் ஆரம்பத்திலேயே மெல்லியது. இன்றைய வண்டிகள், பிரேக் பிடிக்கும்போது மூக்கு கீழே குத்தாமல் நிற்பதற்காகப் பின் பிரேக்கை அதிகமாகவே பயன்படுத்துகின்றன. சறுக்கலைத் தடுக்கும் அமைப்பும், முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைக்கும் குரூஸ் கண்ட்ரோலும் தம் பங்குக்கு அதைத் தொடுகின்றன. காலையில் பினாங்குப் பாலத்தில் ஊர்ந்து, மாலையில் ஜெலுத்தோங் பக்கம் நெரிசலில் நின்று, வார இறுதியில் பாலிக் பூலாவ் மலைப்பாதையில் இறங்கினால் சொல்லவே வேண்டாம்.

புது பின் பேடின் உராய்வுப் பகுதி பெரும்பாலும் 8 முதல் 11 மி.மீ. வரை இருக்கும். 3 மி.மீ.-க்கு வந்துவிட்டால் மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். பல வண்டிகளில் 1.6 அல்லது 2 மி.மீ. தான் கடைசி எல்லை. சக்கரத்தைக் கழற்றாமல் வெளிப்பேடை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு 'இன்னும் இருக்கு' என்று விடாதீர்கள். ஒற்றைப் பிஸ்டன் கெலிப்பரில் உள்பேடுதான் பெரும்பாலும் முதலில் தேயும். மெதுவாகப் போகும்போது சில்வண்டு மாதிரி கீச்சென்று கேட்டால், பேடில் உள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்கைத் தொட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

சாமான் வாங்குவது

மாடல் பெயரை மட்டும் சொல்லிப் பேட் வாங்கப் போகாதீர்கள். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு, வேரியண்டுக்கு வேரியண்ட் பின் கெலிப்பர் மாறியிருக்கும். கெரானில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) உள்ள சாசி நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் ஒரு பக்கச் சக்கரத்தைக் கழற்றிப் பழைய பேடையும் படம் எடுத்துவிடுங்கள். கடையில் 'சேம் சேம் லா, பாஸ்' என்றால் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: பேடின் இரண்டு முனையிலும் நீட்டியிருக்கும் காதுகளின் வடிவம், எச்சரிக்கைத் தகடு இருக்கும் இடம், பின்தகட்டில் முளை உண்டா இல்லையா. இணையத்தில் வாங்கும்போது விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாமல் இருப்பதே நல்லது. பிரேக் சாமானில் போலி நிறைய உலாவுகிறது.

பேடோடு பிராக்கெட்டில் (பேடையும் கெலிப்பரையும் தாங்கும் சட்டம்) உட்காரும் எஃகுக் கிளிப்களையும் வாங்குங்கள். சில பெட்டிகளில் கூடவே வரும். பத்து ஃபெரிங்கி, தஞ்சோங் தோக்கோங் மாதிரி கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று கிளிப்புக்கு அடியில் துருவை வளர்த்து வைத்திருக்கும். பழையதையே போட்டால் புதுப் பேட் இறுகிக்கொள்ளும். சில ஐரோப்பிய வண்டிகளில் கெலிப்பரைப் பிடிக்கும் போல்ட்டுகளை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடச் சொல்லியிருப்பார்கள். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கருவிகளில் ஜாக், இரண்டு ஜாக் ஸ்டாண்ட், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, சாக்கெட் செட், மெல்லிய ஸ்பேனர் ஒன்று, டார்க் ரெஞ்ச் (குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் இறுக்கும் ஸ்பேனர்), கம்பி பிரஷ், பிரேக் கிளீனர், சிலிக்கான் கிரீஸ், உயர்வெப்ப பிரேக் கிரீஸ், பிஸ்டன் தள்ளும் கருவி அல்லது பெரிய சி-கிளாம்ப், வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி), பெரிய பிளாஸ்டிக் ஊசிக்குழல் (சிரிஞ்ச்), கையுறை, கண்ணாடி ஆகியவை வேண்டும். வண்டியோடு வரும் ஜாக்கை மட்டும் நம்பி இந்த வேலையில் இறங்காதீர்கள். அது பஞ்சர் சக்கரம் மாற்றத்தான்.

மிச்சம் இருப்பது ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் மாட்டும் சாதனம். ஆட்டெல், லான்ச் போன்ற நிறுவனங்கள் வீட்டு உபயோகத்துக்கும் விற்கின்றன. எஞ்சின் கோளாறைப் படிக்கும் மலிவான ஸ்கேனர் எல்லாம் இதைச் செய்யாது. 'பார்க்கிங் பிரேக் சர்வீஸ்' என்ற வசதி உங்கள் மாடலுக்கு உண்டா என்று பார்த்து வாங்குங்கள். சில மாடல்களில் ஸ்கேனரே தேவையில்லை. பட்டன், பெடல், சாவி மூன்றையும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் இயக்கினால் சர்வீஸ் மோட் வந்துவிடும். ஆனால் அந்த வரிசை மாடலுக்கும் ஆண்டுக்கும் மாறும். யாரோ ஒருவருடைய வீடியோவை நம்பாமல் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ளதைப் பின்பற்றுங்கள்.

இரண்டு குறுக்கு வழிகள் உலாவுகின்றன. ஒன்று, மோட்டாரைக் கழற்றிவிட்டுத் தண்டைக் கையால் திருகுவது. நடக்கும், ஆனால் அங்கே இருக்கும் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே போகும். கடைசியில் கணினிக்குச் சொல்லி அளவு சரிசெய்ய ஸ்கேனர் எப்படியும் தேவைப்படும். இன்னொன்று, மோட்டாருக்கு நேரடியாகப் பேட்டரி கரண்டைக் கொடுத்துப் பின்னால் ஓட்டுவது. எங்கே நிறுத்த வேண்டும் என்று பார்க்க அங்கே கணினி இல்லை. இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இடமும் ஏற்பாடும்

சமமான, கெட்டியான தரை வேண்டும். நம் தேரஸ் வீடுகளின் போர்ச் பெரும்பாலும் லோங்காங் (சாக்கடை) பக்கம் சரிந்திருக்கும். வழவழப்பான டைல்ஸ் வேறு போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் கெட்டியான பலகை வைத்தால் மட்டும் போதாது, வேறு இடம் தேடுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் நிர்வாகத்தைக் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது. கார் நிறுத்துமிடத்தில் பழுது பார்க்கக் கூடாது என்று பல இடங்களில் விதியே உண்டு. மத்தியான மழைக்கு முன் முடியும்படி காலையிலேயே ஆரம்பியுங்கள். சீனப் பெருநாள் வாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம்; ஒரு கிளிப் உடைந்தால் வாங்கக் கடை திறந்திருக்காது.

பேட்டரி நல்ல நிலையில் இருக்கட்டும். சர்வீஸ் மோடில் மோட்டார்கள் ஓடும்போது மின்னழுத்தம் விழுந்தால் வேலை பாதியில் நின்றுபோகும். சார்ஜர் இருந்தால் மாட்டிவிடுங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று: சர்வீஸ் மோடில் வண்டிக்கு ஹேண்ட்பிரேக் கிடையாது. பின் பக்கம் மேலே இருக்கும்போது வண்டியைப் பிடித்திருப்பது 'பி' கியரும் முன் சக்கரத்து முட்டுக்கட்டைகளும்தான். முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். மேனுவல் கியர் என்றால் முதல் கியரில் போட்டு நிறுத்துங்கள்.

கழற்றுவது

ஹேண்ட்பிரேக் போட்டிருக்கும்போதே, சக்கரம் தரையில் இருக்கும்போதே, பின் சக்கர நட்டுகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். இதற்கப்புறம்தான் சர்வீஸ் மோட். வரிசை மாறினால் சக்கரம் கையோடு சுழலும்.

பானட்டைத் திறந்து பிரேக் எண்ணெய் டப்பாவைப் பாருங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது எண்ணெய் மேலே ஏறும். முன்பே யாராவது எண்ணெய் ஊற்றி நிரப்பியிருந்தால் வழிந்துவிடும். பிரேக் எண்ணெய் பெயின்டை அரித்துவிடும். மேல்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் ஊசிக்குழலால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டு மூடியைத் திரும்பப் போடுங்கள்.

ஆட்டோ ஹோல்டை (வண்டி நின்றதும் பிரேக்கைத் தானே பிடித்து வைக்கும் வசதி) அணையுங்கள். இக்னிஷன் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஸ்கேனரில் சர்வீஸ் மோடைத் தேர்ந்தெடுங்கள். இப்போது காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். பின்னாலிருந்து இரண்டு பக்கமும் 'ழ்ழ்ழ்' என்று மோட்டார் சத்தம் சில விநாடிகள் வரும். சாதாரணமாகப் பட்டனை விடுவிக்கும்போது கேட்பதை விட நீளமாக இருக்கும். அந்த நீளம்தான் நட்டு கடைசி வரை போயிருக்கிறது என்பதற்கு அடையாளம். ஒரு பக்கம் மட்டும் சத்தம் கேட்டால் மேலே போக வேண்டாம். டேஷ்போர்டில் ஹேண்ட்பிரேக் விளக்கு மின்னும், அல்லது மஞ்சளாக எரியும்.

முடிந்ததும் இக்னிஷனை அணையுங்கள். சாவியை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கெலிப்பர் கழன்று தொங்கும்போது வீட்டுப் பொடிசு ஒன்று உள்ளே ஏறி ஸ்டார்ட் பட்டனை அமுக்கி ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துவிட்டால், பிஸ்டன் வெளியே வந்துவிடும். உங்கள் விரல் நடுவில் இருந்தால் அதுவும் போகும். பிரேக் பெடலையும் யாரும் மிதிக்கக் கூடாது.

ஜாக் போட வேண்டிய இடத்தில் போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி அதை வண்டிக்கு அடியில் படுக்கப் போடுங்கள். ஸ்டாண்ட் சறுக்கினாலும் வண்டி முழுதாக இறங்காது.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். இரண்டு பக்கமும் திறந்து வைத்தால் இங்கே பிஸ்டனைத் தள்ளும்போது அங்கே பிஸ்டன் வெளியே வரக்கூடும். எதை எப்படி மாட்டியிருந்தது என்று மறந்தால் பார்த்துக்கொள்ள மறுபக்கம் இருக்கும்.

கெலிப்பரின் பின்பக்கம் இரண்டு போல்ட் இருக்கும். பல வண்டிகளில் 12, 13 அல்லது 14 மி.மீ. சாக்கெட். போல்ட்டைத் திருகும்போது அதோடு சேர்ந்து ஸ்லைடு பின்னும் (கெலிப்பர் நழுவி நகரும் தண்டு) சுற்றும். மெல்லிய ஸ்பேனரால் பின்னைப் பிடித்துக்கொண்டு திருகுங்கள். மோட்டாருக்குப் போகும் ஒயரில் ஒரு கிளிப் இருந்தால் விடுவியுங்கள். ஒயர் எட்டாவிட்டால் மட்டும், இக்னிஷன் அணைந்திருக்கும் நிலையில், மோட்டாரில் செருகியிருக்கும் ஒயர் சாக்கெட்டைக் கழற்றலாம். கெலிப்பரைக் கழற்றியதும் எஸ் வடிவக் கொக்கியாலோ கம்பியாலோ சக்கரத்துக்கு மேலே உள்ள சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் மாட்டித் தொங்க விடுங்கள். ரப்பர் ஹோசிலும் ஒயரிலும் எடை விழக் கூடாது.

பழைய பேடைப் படிப்பது

பழைய பேடைத் தூக்கிக் குப்பையில் போடும் முன் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். உங்கள் பிரேக்கின் கதை முழுதும் அதில் எழுதியிருக்கும்.

இரண்டு பேடும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் நல்லது. உள்பேட் 2 மி.மீ., வெளிப்பேட் 6 மி.மீ. என்று இருந்தால் கெலிப்பர் பின்னில் நழுவவில்லை; கிரீஸ் காய்ந்துவிட்டது. ஒரே பேட் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்பு மாதிரி இருந்தால், அது பிராக்கெட்டில் துருவில் சிக்கிக்கொண்டு நகர்ந்திருக்கிறது, அல்லது பின் ஒன்று இறுகியிருக்கிறது. முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் சூட்டில் இறுகிவிட்டது. இந்தக் காரணத்தைத் தீர்க்காமல் புதுப் பேடைப் போட்டால், பாதி காலத்தில் மறுபடியும் இதே இடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள்.

டிஸ்கை வெர்னியரால் அளந்து பாருங்கள். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்கின் ஓரத்திலோ நடுக்கிண்ணத்திலோ அச்சடித்திருக்கும். பல ஹோண்டா வண்டிகளில் பின் டிஸ்க் புதிதாக 9 மி.மீ., எல்லை 8 மி.மீ.; வித்தியாசம் வெறும் ஒரு மில்லிமீட்டர். ஓரத்தில் உள்ள துருக் கரையை விட்டு, பேட் உரசும் இடத்தை அளக்க வேண்டும். எல்லைக்குக் கீழே போயிருந்தாலோ, நகம் சிக்கும் அளவுக்கு ஆழமான கோடு இருந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ இரண்டு பக்க டிஸ்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

சுத்தமும் கிரீசும்

பிரேக் தூசியை ஊதாதீர்கள், கம்ப்ரெசர் காற்றும் அடிக்காதீர்கள். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். பழைய கிளிப்களைக் கழற்றி, அவை உட்கார்ந்திருந்த இடத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளை உலோகம் தெரியும் வரை தேயுங்கள். பத்து நிமிட வேலை. பட்டறைகளில் அவசரத்தில் முதலில் விடப்படுவது இதுதான்.

ஸ்லைடு பின்களை உருவிப் பழைய கிரீசைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லிதாகப் பூசித் திரும்பச் செலுத்துங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் போட்டால் ரப்பர் ஊறிப் பின் இறுகிவிடும். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் சில வண்டிகளில் வேறு வேறு, மாற்றிவிடாதீர்கள். ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றுங்கள்.

பிஸ்டனைத் தள்ளுவது

பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறையைப் பாருங்கள். கிழிந்திருந்தாலோ ஈரமாக இருந்தாலோ வேலையை நிறுத்துங்கள். அது கெலிப்பர் பட்டறைக்குப் போக வேண்டிய விஷயம்.

நன்றாக இருந்தால் பழைய பேடை பிஸ்டன் மேல் வைத்து, கருவியை மாட்டி, மெதுவாக இறுக்குங்கள். கிளாம்ப்பின் மறுமுனையை மோட்டார் பெட்டி மேல் வைக்கக் கூடாது, அது பிளாஸ்டிக். கெலிப்பரின் உலோக உடம்பில் இடம் பார்த்து வைக்க வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் சி-கிளாம்ப்பை விட்டுவிட்டு, கெலிப்பரின் இரண்டு பக்கத்துக்கு நடுவில் வைத்து விரிக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். சீரான, எண்ணெய்த்தனமான எதிர்ப்பு கையில் தெரியும். பிஸ்டன் ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஒரே அளவு நகரும். அப்படி நகர்ந்துகொண்டிருந்தது திடீரென்று கல் மாதிரி நின்றால், கருவியைத் தளர்த்துங்கள். நட்டு இன்னும் முன்னால்தான் இருக்கிறது. கெலிப்பரைப் பழைய பேடோடு திரும்ப மாட்டி, சர்வீஸ் மோடை மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி நீளமாக்கும் இடம் இது இல்லை.

தள்ளும்போது இடையிடையே எண்ணெய் டப்பாவையும் ஒரு பார்வை பாருங்கள்.

மாட்டுவது

புதுக் கிளிப்களை அழுத்தி உட்கார வையுங்கள். பேடின் காதுகளில், பின்தகட்டில் பிஸ்டனும் கெலிப்பரும் தொடும் இடங்களில், உயர்வெப்ப கிரீஸ் கொஞ்சமாகப் பூசுங்கள். உராய்வுப் பகுதியிலோ டிஸ்கிலோ ஒரு துளி பட்டாலும் பிரேக் கிளீனரால் துடைத்துவிட வேண்டும். எச்சரிக்கைத் தகடு உள்ள பேட் பழையது எந்தப் பக்கம், எந்த முனையில் இருந்ததோ அங்கேயே போகட்டும். பின்தகட்டில் முளை இருந்தால் பிஸ்டனில் உள்ள பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். பேட் கிளிப்புக்குள் விரலால் தள்ளினால் நகர வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் எங்கேயோ துரு மிச்சம் இருக்கிறது.

கெலிப்பரை இறக்கி, போல்ட்டுகளைக் கையால் ஏற்றி, டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். ஸ்லைடு பின் போல்ட்டுகள் பெரும்பாலும் 25 முதல் 35 நியூட்டன் மீட்டருக்குள்தான். பலர் நினைப்பதை விடக் குறைவு. பிராக்கெட் போல்ட்டுக்கு இதை விட நிறைய வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான எண் மேனுவலில் இருக்கும். ஹோஸ் முறுக்கிக்கொண்டு இருக்கிறதா, ஒயர் கிளிப் திரும்ப மாட்டினீர்களா, கழற்றிய சாக்கெட் 'கிளிக்' என்று உட்கார்ந்ததா பாருங்கள். அப்புறம் மறுபக்கம்.

சர்வீஸ் மோடிலிருந்து வெளியே வருவது

இங்கே வரிசை முக்கியம். முதலில் எஞ்சின் அணைந்திருக்கும்போதே பிரேக் பெடலை மெதுவாக, பாதி தூரம் மட்டும், திரும்பத் திரும்ப மிதியுங்கள். முதலில் பெடல் தரை வரை போகப் பார்க்கும். பிஸ்டன் பேடைத் தொட்டதும் இறுகிவிடும். பெடல் கெட்டியான பிறகுதான் இக்னிஷன் போட்டு ஸ்கேனரில் சர்வீஸ் மோடை முடிக்க வேண்டும். பிஸ்டன் பின்னால் இருக்கும்போதே முடித்தால் நட்டு தேடிக்கொண்டு வெகுதூரம் போக வேண்டியிருக்கும். சில வண்டிகள் கோளாறு என்று பதிவு செய்து நின்றுவிடும்.

முடிக்கும்போது மோட்டார்கள் இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கும். புதுப் பேடின் தடிமனுக்கு ஏற்ப கணினி தன் அளவை அப்போது கற்றுக்கொள்கிறது. விளக்கு சாதாரண நிலைக்கு வர வேண்டும். பட்டனை நாலைந்து தடவை போட்டு எடுங்கள். வண்டி இன்னும் ஸ்டாண்டில் இருக்கும்போதே போட்ட நிலையில் இரண்டு டிஸ்கும் கையால் சுற்ற முடியாதபடி நிற்கிறதா, எடுத்த நிலையில் லேசான உரசலோடு சுற்றுகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கமாக இருந்தால் பேட் கிளிப்பில் சிக்கியிருக்கலாம், பின் நகராமல் இருக்கலாம்.

விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் பதற வேண்டாம். பேட்டரி, மோட்டார் சாக்கெட், சர்வீஸ் மோட் உண்மையிலேயே முடிந்ததா, இந்த மூன்றையும் பாருங்கள். கோளாறுக் குறியைப் படித்துவிட்டு அழித்து, அளவு சரிசெய்யும் வேலையை மறுபடி ஓட்டுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் வண்டியை ஓட்டாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். பல ஹோண்டா கார்களுக்கு 108 நியூட்டன் மீட்டர். எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா பார்த்து, குறைந்தால் மூடியில் எழுதியிருக்கும் வகையையே, புதிதாகத் திறந்த டின்னிலிருந்து ஊற்றுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 எண்ணெய்க்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரம் ஏறியதற்கு 155. நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்த பாதி டின் யாருக்கும் உதவாது.

பதப்படுத்துவது

புதுப் பேட் முதல் நாளே முழுதாகப் பிடிக்காது. ஞாயிறு அதிகாலையில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கமோ, பத்து காவான் பக்கமோ, பின்னால் வண்டி இல்லாத அகலமான சாலையாகப் பாருங்கள். முதலில் நடக்கும் வேகத்தில் இரண்டு மூன்று தடவை பிடித்துப் பார்த்து, அப்புறம் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரைக்கும் மிதமாக, பத்து தடவை போலக் குறையுங்கள். முழுதாக நிறுத்தாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் ஓடவிட்டு ஆற விடுங்கள். பேட் தயாரிப்பாளர் பெட்டியில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதையே செய்யுங்கள். துன் சார்டோன் சாலை இறக்கத்தில் இந்தப் பரிசோதனை வேண்டாம்.

வந்து நிறுத்தியதும் இரண்டு பின் சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாமல். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் பிரேக் விடுபடவில்லை. சின்ன ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக் பெடலை மெதுவாக விட்டுப் பாருங்கள்; கால் அதற்கு மேலேயே தயாராக இருக்கட்டும். வண்டி அசையக் கூடாது.

எப்போது பட்டறைக்கு விடுவது

உத்தரவாதத்தில் இருக்கும் வண்டி, எண்ணெய் கசியும் கெலிப்பர், சர்வீஸ் மோடுக்குப் பிறகும் நகராத பிஸ்டன் ஆகியவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். டொயோட்டா ஹைபிரிட் வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு: டிரைவர் கதவைத் திறந்தாலே பிரேக் அமைப்பு விழித்துக்கொண்டு அழுத்தம் ஏற்றும். கெலிப்பர் கழன்றிருக்கும்போது அது நடந்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். அதை முடக்கி வைக்கும் வழி மேனுவலில் உண்டு. அது கையில் இல்லாமல் தொடாதீர்கள்.

பட்டறைக்கு விட்டாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: 'அண்ணே, ஸ்கேனர் போட்டு சர்வீஸ் மோட் செய்வீங்களா? கிளிப்பும் பின்னும் சுத்தம் பண்ணுவீங்களா?' முதல் கேள்விக்கு 'தேவையில்லை, அமுக்கினா போகும்' என்று பதில் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

உறிஞ்சி எடுத்த பழைய எண்ணெயை லோங்காங்கில் ஊற்றாதீர்கள். மூடியுள்ள போத்தலில் ஊற்றி, பெயர் எழுதி, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள். 100 கி.மீ. ஓடிய பிறகு சக்கர நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச்சால் சரிபார்த்து, பேட் மாற்றிய தேதியையும் மீட்டர் எண்ணையும் சர்வீஸ் புத்தகத்தில் குறித்து வையுங்கள்.